உள்ளதே கொஞ்சம், அதிலும் எடுப்பதா?



பினாங்குக்கு வருகிறவர்கள் சூலியா தெருவை மிதிக்காமல் திரும்புவது அபூர்வம். தைப்பூசத்திற்கு வருகிறவர்கள், துணிமணி எடுக்க வருகிறவர்கள், தெரு முனையில் உள்ள நாகூர் தர்காவில் வேண்டுதல் முடிக்க வருகிறவர்கள், பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு நாசி கண்டார் சாப்பிட வருகிறவர்கள் என்று தோட்டத்து முகங்களை நான் இந்தத் தெருவில் அடிக்கடி பார்க்கிறேன். முகம் தெரியாவிட்டாலும் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும்.

நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, அம்மா விடியற்காலையில் பால் மரம் சீவப் போக, ஆயாக்கொட்டகையில் வளர்ந்தேன். கலியாணம் ஆனபின் சூலியா தெருவை ஒட்டிய ஒரு சந்துக்குக் குடிவந்தேன். ஜார்ஜ் டவுனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரத்தம் எடுக்கும் வேலையில் முப்பது ஆண்டுகள் இருந்தேன். ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகியும் இந்தச் சந்தில் எனக்கு 'ஊசி அக்கா' என்றுதான் பெயர்.

அந்த முப்பது ஆண்டுகளில் தாய்மார்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. கைக்குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்: "பிள்ளைக்கு ரத்தம் பத்தலைன்னு டாக்டரே சொல்றாரு. உள்ளதே கொஞ்சம். அதிலேயும் எடுப்பீங்களா அக்கா?"

இந்தக் கேள்வியைக் கேட்டு நான் சிரித்ததே இல்லை. பெற்ற வயிறு அப்படித்தான் கேட்கும். ஆனால் இந்தக் கேள்விக்குப் பயந்தே எத்தனையோ பேர் பரிசோதனை செய்யாமல் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். போகிற வழியில் கடையில் ஒரு 'ரத்த டானிக்' வாங்கிக்கொண்டு போவார்கள். அது பொருந்தவும் செய்யலாம், பொருந்தாமலும் போகலாம். எது என்று தெரியாமலே மாதங்கள் ஓடிவிடும். குழந்தைக்கோ அந்த மாதங்கள் திரும்பக் கிடைக்காதவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எவ்வளவு எடுக்கிறார்கள்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். கைக்குழந்தையின் உடலில் ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறக்குறைய 80 மில்லிலிட்டர் இரத்தம் இருக்கும். எட்டுக் கிலோ குழந்தைக்கு 640 மில்லி. இரும்புச் சத்தைப் பார்க்கும் பரிசோதனைக்குச் சுமார் 2 மில்லி போதும். மருந்து கொடுக்கும் சின்னத் தேக்கரண்டி 5 மில்லி பிடிக்கும். அதில் பாதிகூட இல்லை. 1000 பங்கில் 3 பங்கு. குழந்தையின் உடம்பு இதைச் சில நாட்களில் ஈடுகட்டிவிடும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு விதமாகவும் சொல்லலாம். பால் நிறுக்கும் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். வாளி நிறையப் பால் இருக்கும். கிராணி அதை அப்படியே எழுதிக்கொள்வாரா? மாட்டார். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, மெட்ரோலேக் கருவியை மிதக்க விட்டு, ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் கணக்கில் ஏற்றுவார். வாளியைப் பார்த்து ரப்பரைச் சொல்ல முடியாது. அதேபோலக் கன்னத்தைப் பார்த்து இரும்பைச் சொல்ல முடியாது.

ஆறு மாதம் வரை சேமிப்பு

குழந்தை பிறக்கும்போதே தாயிடமிருந்து இரும்புச் சத்தை வாங்கிக்கொண்டு வருகிறது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தச் சேமிப்பு நான்கு முதல் ஆறு மாதம் வரை தாங்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும், கர்ப்பத்தில் சோகையாக இருந்த தாயின் குழந்தைக்கும் அதற்கு முன்பே தீர்ந்துபோகும். பிரசவத்தின்போது தொப்புள்கொடியை அவசரப்பட்டு இறுக்காமல் ஒரு நிமிடமாவது பொறுக்கும்படி உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் இதற்காகத்தான். அந்த நேரத்தில் கொடி வழியாக இறங்கும் இரத்தம் குழந்தையின் முதல் சேமிப்பு.

தாய்ப்பாலில் இரும்பு கொஞ்சம்தான், ஆனால் இருப்பது நன்றாக உடம்பில் ஒட்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு குழந்தை மளமளவென்று வளர்கிறது. அப்போது தாய்ப்பால் மட்டும் போதாது. இரும்பு உள்ள உணவும் சேர வேண்டும். 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று அமெரிக்க அட்டவணை சொல்கிறது. நன்றாக வளர்ந்த ஆண்பிள்ளைக்கு அதே அட்டவணை 8 மில்லிகிராம்தான் போடுகிறது. பாருங்கள், தவழ்கிற பிள்ளைக்கு அப்பாவைவிட அதிகம் வேண்டும்!

அது கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? குழந்தை வெளிறும், சோர்ந்து கிடக்கும், சாப்பிட மறுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இரும்பு குறையும்போது உடம்பு இருப்பதையெல்லாம் முதலில் சிவப்பணுக்களுக்குக் கொடுக்கிறது. மூளைக்கு அதன்பின்தான். அதாவது குழந்தை வெளிறத் தொடங்கும் முன்பே மூளை பட்டினி கிடக்க ஆரம்பித்துவிடும்.

பெட்சி லோஸோஃப் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கோஸ்டா ரிக்கா நாட்டில் 191 குழந்தைகளை ஆராய்ந்து 1987-ல் முடிவுகளை வெளியிட்டார். பிறகு அதே குழந்தைகளை ஐந்து வயதிலும், பள்ளிப் பருவத்திலும், 19 வயது வரையிலும் தொடர்ந்து பார்த்தார். குழந்தைப் பருவத்தில் நீண்ட நாள் கடுமையான இரும்புக் குறைவோடு இருந்தவர்கள், மருந்து கொடுத்து இரத்தம் சரியான பிறகும், படிப்பிலும் அறிவுத் தேர்வுகளிலும் மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருந்தார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளிடம் அந்த இடைவெளி வயது ஏற ஏறக் கூடியது. தோட்டத்துப் பிள்ளை படித்து மேலே வரவேண்டும் என்று எத்தனை தாய்மார்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டுகிறார்கள்! பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே அந்தப் படிப்பில் ஒரு பகுதி கையைவிட்டுப் போகலாம் என்றால், அலட்சியமாக இருக்க முடியுமா?

இரண்டு குழந்தைகள், ஒரே எண்

இனி என் கண்ணெதிரே நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரே மாதத்தில் இரண்டு குழந்தைகளை என்னிடம் காட்டினார்கள்.

ஒருவன் பக்கத்து வீட்டு ராத்தாவின் பேரன். பதினோரு மாதம். கொழுகொழுவென்று, தூக்கினால் கை வலிக்கும். ராத்தாவுக்கு அவனைப் பற்றி அவ்வளவு பெருமை. "நாளைக்கு ஏழு பாட்டில் பால் குடிப்பான்" என்பார். குடித்தது கடையில் வாங்கும் மாட்டுப்பால். சாயங்காலம் ராத்தா தேத்தண்ணி குடிக்கும்போது பிஸ்கட்டை அதில் நனைத்து அவனுக்கும் ஊட்டுவார்.

இன்னொருத்தி என் தம்பியின் பேத்தி. பத்து மாதம். தோட்டத்தில் இருக்கிறாள். மெலிந்த குழந்தை, வெளுத்த முகம். ஆனால் அவள் அம்மா கெட்டிக்காரி. தாய்ப்பாலை நிறுத்தவில்லை, ஆறாம் மாதத்திலிருந்து கோழி ஈரலை மசித்துக் கஞ்சியில் கலந்து ஊட்டினாள்.

இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கிளினிக்கில் விரலில் குத்திப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் ஹீமோகுளோபின் 9.6. இந்த வயதில் 10.5-க்குக் கீழே போனால் சோகை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2024-ல் வகுத்திருக்கிறது. அதற்கு முன் அந்த எல்லை 11 ஆக இருந்தது. எந்த எல்லையை வைத்துப் பார்த்தாலும் இரண்டு குழந்தைக்கும் சோகைதான்.

"மெலிஞ்ச பிள்ளைக்குச் சத்து இல்லை, சரி. எங்க பிள்ளைக்கு என்ன வந்துச்சு? மெஷின்தான் கோளாறு" என்றார் ராத்தா.

விரலில் குத்தும்போது இரத்தம் வராமல் பிதுக்கினால் சதையில் உள்ள நீர் கலந்து எண் மாறிப்போவது உண்டு. அதனால் அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. "அப்படியானால் நரம்பிலிருந்து எடுத்துச் சரியாகப் பார்த்துவிடுவோம்" என்றேன். டாக்டரும் அதையே எழுதிக்கொடுத்தார். தம்பி மகனிடமும் குழந்தையைக் கூட்டி வரச் சொன்னேன்.

பரிசோதனைத் தாளைப் படிப்பது எப்படி?

நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்திலும் இரண்டு குழந்தைக்கும் 9.6 தான் வந்தது. ஆனால் அந்தத் தாளில் இன்னும் பல எண்கள் இருந்தன. அவற்றில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை நாலே நாலுதான்.

முதலாவது ஹீமோகுளோபின். சோகை இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். ஏன் என்று சொல்லாது.

இரண்டாவது எம்.சி.வி. என்று போட்டிருக்கும், சிவப்பணுவின் பருமன். இரும்பு குறைந்தால் அணுக்கள் சிறுத்துப்போகும். ஆனால் தலசீமியா என்ற பரம்பரைக் குறை உள்ளவர்களுக்கும் அணுக்கள் சிறுத்தே இருக்கும். இதைப் பிரித்துப் பார்க்க 1973-ல் மென்ட்சர் என்ற மருத்துவர் ஓர் எளிய கணக்குச் சொன்னார். அணுவின் பருமனைச் சிவப்பணுக்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 13-க்கு மேல் வந்தால் இரும்புக் குறைவாக இருக்கலாம். 13-க்குக் கீழே வந்தால் தலசீமியாவாக இருக்கலாம். இது முடிவல்ல, ஒரு கைகாட்டி மரம். ராத்தாவின் பேரனுக்கு 67-ஐ 4.6-ஆல் வகுத்தால் 14.6. என் தம்பி பேத்திக்கு 58-ஐ 5.3-ஆல் வகுத்தால் 10.9. கைகாட்டி இரண்டு வெவ்வேறு பாதைகளைக் காட்டியது.

மூன்றாவது ஃபெரிட்டின். இதுதான் இரும்பின் சேமிப்பைச் சொல்வது. உலையில் கொதிக்கிற சோற்றை ஹீமோகுளோபின் என்று வைத்துக்கொண்டால், அரிசி டின்னில் மிச்சம் இருப்பது ஃபெரிட்டின். இன்றைக்குச் சோறு இருக்கும், டின் காலியாக இருக்கும். நாளைக்கு என்ன செய்வது? டின்னைத் திறந்து பார்த்தால்தான் முன்கூட்டியே தெரியும். ஒரு காலத்தில் அந்த டின்னைத் திறக்க எலும்பு மஜ்ஜையில் ஊசி போட்டுச் சாயமேற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் கார்டிஃப் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1972-ல் சாதாரண இரத்தத்திலேயே ஃபெரிட்டினை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். அன்றிலிருந்து சின்னக் குழந்தைகளுக்கு அந்தக் கொடுமை பெரும்பாலும் இல்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட நலமான குழந்தைக்கு ஃபெரிட்டின் 12-க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு.

ராத்தாவின் பேரனுக்கு ஃபெரிட்டின் 28. "பார்த்தீங்களா? 12-க்கு மேலே இருக்கு. எங்க பிள்ளைக்கு ஒண்ணுமில்லே!" என்று தாளை மடித்தார் ராத்தா.

அங்கேதான் நாலாவது எண் வருகிறது. அதைச் சி.ஆர்.பி. என்பார்கள். உடம்பில் கிருமியோ காய்ச்சலோ இருந்தால் இது ஏறும். காய்ச்சல் வந்தால் ஃபெரிட்டினும் கூடவே ஏறிக்கொள்ளும். சேமிப்பு கூடியதால் அல்ல. கிருமியோடு நடக்கிற சண்டையில் உடம்பு செய்கிற மாறுதல் அது. அந்தப் பையனுக்கு அந்த வாரம் சளியும் இருமலும். சி.ஆர்.பி. நன்றாக ஏறியிருந்தது. காய்ச்சல், கிருமி உள்ள குழந்தைக்கு 12 என்ற எல்லையை விட்டுவிட்டு 30 என்ற எல்லையைப் பார்க்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன விதி. அப்படிப் பார்த்தால் 28 குறைவுதான். டாக்டர் இதைப் பொறுமையாக விளக்கி, சளி விட்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்தார். இப்போது ஃபெரிட்டின் 7. டின் காலி.

கொழுத்த பிள்ளைக்குத்தான் இரும்புப் பட்டினி!

பாலும் தேத்தண்ணியும்

ராத்தா இடிந்துபோய்விட்டார். நான் அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். மாட்டுப்பால் கெட்டதல்ல. ஆனால் அதில் இரும்பு மிகக் குறைவு, இருப்பதும் சரியாக ஒட்டாது. பாலால் வயிறு நிறைந்த பிள்ளை சோறு, கறி, பருப்பைத் தொடாது. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவும் ஏற்படும். ஒரு வயது முடியும்வரை மாட்டுப்பாலைப் பிரதானமாகக் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

நம் நாட்டுப் பக்கத்தில் பாலைப் பற்றிய எச்சரிக்கை பழையது. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பிலேயே பேசினார். சீனி சேர்த்த டின் பாலைக் கைக்குழந்தைக்கு ஏற்றது என்று சொல்லி விற்பதைக் கண்டித்த பேச்சு அது. இன்றும் டின் பால் குழந்தை உணவல்ல.

தேத்தண்ணி விஷயமும் அப்படித்தான். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து, உணவில் உள்ள இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. பெரியவர்களே சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்காமல் ஒரு மணி நேரம் விடுவது நல்லது. கைக்குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம்.

அந்தப் பையனுக்கு டாக்டர் எடைக்குத் தக்கபடி இரும்புச் சொட்டு மருந்து எழுதினார். நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் 9.6-லிருந்து 10.8 ஆனது. ஒரு மாதத்தில் ஒன்றோ அதற்கு மேலோ ஏறினால், குறை இரும்புதான் என்பதற்கு அதுவே சாட்சி. உடனே ராத்தா, "சரியாயிட்டான், மருந்தை நிறுத்திடலாமா? வெளிக்குக் கறுப்பாப் போறான், பயமா இருக்கு" என்றார். மலம் கறுப்பது அந்த மருந்தின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. சோறு வெந்துவிட்டது, ஆனால் டின் இன்னும் நிறையவில்லை. அதனால் ஹீமோகுளோபின் சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் மருந்து தொடர வேண்டும். அவரும் தொடர்ந்தார். கடைசியாகப் பார்த்தபோது ஃபெரிட்டின் 32. அதுவும் சளி, காய்ச்சல் இல்லாத நாளில்.

குழந்தையை விட்டு அப்பாவைக் குத்தினார்கள்

என் தம்பி பேத்தியின் கதை வேறு. அவளுக்குக் காய்ச்சல் இல்லை, சி.ஆர்.பி. சரியாக இருந்தது, ஃபெரிட்டின் 41. மெலிந்த பிள்ளையின் டின்னில் அரிசி இருந்தது! மருமகள் மசித்து ஊட்டிய ஈரல் வீண்போகவில்லை.

அப்படியானால் சோகை எங்கிருந்து வந்தது? டாக்டர் குழந்தையை அதற்கு மேல் குத்தவில்லை. அப்பாவையும் அம்மாவையும் இரத்தம் கொடுக்கச் சொன்னார். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் இரத்தத்தில் பிறவி இரத்தத்தின் மிச்சம் இருக்கும்; தலசீமியாவைத் தெளிவாகச் சொல்வது சிரமம். பெற்றோரைப் பார்த்தால் விடை எளிதில் கிடைக்கும். கிடைத்தது. என் தம்பி மகன் தலசீமியாவைச் சுமப்பவன். அம்மாவுக்கு இல்லை. குழந்தைக்கு ஒன்றே கால் வயதானபோது அவளுக்கும் பார்த்தார்கள். அப்பாவைப் போலவே அவளும் சுமப்பவள்.

தம்பி மகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அத்தை, சின்ன வயசிலே எனக்கும் 'ரத்தம் இல்லாத பிள்ளை'ன்னுதான் பேர். பாட்டில் பாட்டிலா டானிக் குடிச்சேன். ஒண்ணும் ஏறலே" என்றான். எப்படி ஏறும்? குறை இரும்பில் இல்லையே.

இந்தத் தலசீமியா மலாய்க்காரருக்கும் சீனருக்கும் மட்டும் வருவது என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். இந்தியரிடமும் உண்டு. சுமப்பவர்களுக்கு லேசான சோகையைத் தவிரப் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. ஆனால் அப்பா, அம்மா இருவருமே சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு, மாதா மாதம் இரத்தம் ஏற்ற வேண்டிய கடுமையான நோயோடு குழந்தை பிறக்கக்கூடும். சொந்தத்துக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். என் தம்பி குடும்பம் இப்போது தெரிந்துகொண்டது. எதற்காகவோ எடுத்த இரண்டு மில்லி இரத்தம், அடுத்த தலைமுறைக்கும் வழி காட்டியது. இப்படிச் சுமப்பவர்களுக்கும் இரும்பு குறையலாம். அப்போது கொடுக்க வேண்டும். குறையவில்லை என்றால், பழக்கத்துக்காக மாதக்கணக்கில் கொடுக்கக் கூடாது.

சோகை என்பது ஒரே நோயல்ல

மார்மைட் தெரியும் அல்லவா? காய்ச்சல் வந்தால் கஞ்சியில் கலந்து குடிப்போமே, அதுதான். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928-ல் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயிலும், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த நீலகிரிக் குன்னூரிலும் இருந்து, கர்ப்பிணிகளின் ஒருவகைச் சோகையை ஆராய்ந்தார். மார்மைட் போன்ற ஈஸ்ட் சாற்றால் அது குணமாவதை 1931-ல் வெளியிட்டார். அந்தச் சத்தைத்தான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பிரித்தெடுத்தார்கள். இரும்பால் குணமாகாத சோகையும் உண்டு என்பதற்கு இது நல்ல சாட்சி.

இந்தியாவில் 2015-16-ல் எடுத்த குடும்பநலக் கணக்கெடுப்பில் விரலில் குத்திப் பார்த்தபோது, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் நூற்றுக்கு 58.6 பேருக்குச் சோகை. 2016-லிருந்து 2018 வரை நடந்த இன்னொரு கணக்கெடுப்பில் நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து, ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்த்தார்கள். அதில் ஒன்று முதல் நாலு வயதுக் குழந்தைகளில் சோகை 41 பேருக்கு. இரும்புக் குறைவு 32 பேருக்கு. வயதுக் கணக்கு கொஞ்சம் வேறு என்றாலும், எடுக்கும் முறை மாறினால் விடையும் எவ்வளவு மாறுகிறது பாருங்கள்!

நம் மலேசியாவிலும் நிலைமை லேசானதல்ல. 2022-ல் நடந்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சோகை இருப்பது தெரிந்தது. ஆயாக்கொட்டகையில் பத்துத் தொட்டில் ஆடினால், அதில் நாலைந்து தொட்டில்! ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன என்று கேட்க வேண்டாமா?

நீங்கள் செய்ய வேண்டியது

குழந்தைக்கு ஒன்பது மாதம் முதல் ஒரு வயதுக்குள், தடுப்பூசிக்குப் போகும்போது, "மிஸ்ஸி, பிள்ளைக்கு ரத்தம் பார்க்கணுமா?" என்று நீங்களே கேளுங்கள். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, மாட்டுப்பாலே கதி என்று இருக்கும் குழந்தை என்றால் அதற்கு முன்பே கேளுங்கள். ஹீமோகுளோபின் குறைவு என்று சொன்னால், "ஃபெரிட்டின் பார்க்கலாமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தச் செய்தி இல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

சில இடங்களில் எல்லாக் குழந்தைக்கும் இத்தனைச் சோதனை செய்யாமல், முதலில் ஒரு மாதம் இரும்பு மருந்து கொடுத்து, ஹீமோகுளோபின் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். அதுவும் முறைதான். ஆனால் அந்த ஒரு மாதம் முடிந்ததும் திரும்பிப் போய்ப் பார்த்தால்தான் அது முறை. போகாமல் விட்டால் வெறும் ஊகம். மருந்தை ஒழுங்காகக் கொடுத்தும் ஏறவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

இரத்தம் எடுக்கும் நாளில் குழந்தைக்கு நன்றாகப் பால் கொடுத்து, கையைக் கதகதப்பாக வைத்துக் கூட்டிப் போங்கள். நரம்பு எளிதில் கிடைக்கும். தாய்ப்பால் குடித்துக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு வலியும் குறைவாகத் தெரியும். இது முப்பது வருடம் ஊசி பிடித்தவள் சொல்வது.

உணவில் கோழி ஈரல், இறைச்சி, மீன், முட்டை, பருப்பு, கீரை எல்லாம் மசித்துக் கொடுங்கள். ஈரல் வாரத்தில் ஒன்றிரண்டு தடவை கொஞ்சமாகப் போதும். பருப்பு, கீரையில் உள்ள இரும்பு சுலபமாக ஒட்டாது. கூடவே பழுத்த கொய்யா, பப்பாளி, ஆரஞ்சு கொடுத்தால் நன்றாக ஒட்டும்.

இரும்பு மருந்தைப் பால் பாட்டிலில் கலக்காதீர்கள். டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். பாட்டிலை உயரத்தில், கை எட்டாத இடத்தில் வையுங்கள். இனிப்பாக இருக்கிறதென்று பெரிய குழந்தை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டால் அது விஷமாகி உயிருக்கே ஆபத்து.

ஒன்று மட்டும் பாக்கி. பரிசோதனைத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். தோட்டம் மாறும்போதும், பட்டணத்துக்குக் குடிபெயரும்போதும் எத்தனையோ தாள்கள் தொலைந்துபோய், அதே குழந்தையை மறுபடியும் குத்த வேண்டி வந்ததைப் பார்த்திருக்கிறேன். கிளினிக் புத்தகத்துக்குள் மடித்து வைத்து, பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். நாளை அந்தப் பிள்ளை கலியாண வயதுக்கு வரும்போதுகூட அந்தத் தாளுக்கு வேலை இருக்கும்.